இளையவள் பாதி

— தானா அழியாதுங்கக்கா. கம்ப்யூட்டர் என்ன, மழையில ஊறின சுவரா, தானா இடிஞ்சு விழ?

— என்னமோ தம்பி. காலைல திறந்தேன், அவ பக்கம் காலி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அஞ்சு மணிக்கு அவ வந்துடுவா. அதுக்குள்ள பழையபடி ஆக்கிக் கொடுத்துடுங்க.

— அவன்னா யாரு?

— எங்க வீட்டு இளையவ. என் கொழுந்தன் பொண்டாட்டி. பல் டாக்டரைப் பார்த்துட்டு அப்படியே அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா.

— ரெண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டரா?

— ஒரே கம்ப்யூட்டர், ஒரே தொழில். பள்ளிக்கூடப் புஸ்தகத்துக்குப் படம் வரையறோம். நான் பன்னெண்டு வருஷமா, அவ மூணு வருஷமா. யார் ஃபைலை யார் நகர்த்தினதுன்னு தினம் சண்டை. கடைசில எங்க வீட்டுக்காரரும் கொழுந்தனும் உக்காந்து பேசி, டிஸ்க்கைப் பாதியா வகுந்து கொடுத்துட்டாங்க. என் பாதில விண்டோஸ். அவ பாதில லினக்ஸ்.

— சொத்தைப் பிரிச்சுக் கேள்விப்பட்டிருக்கேன். டிஸ்க்கைப் பிரிச்ச குடும்பம் உங்களுதுதான்.

— சொத்துன்னா கொஞ்சம் நியாயமா பிரிச்சிருப்பாங்க தம்பி. இதுல நடக்கற அநியாயத்தைக் கேளுங்க. அவ பாதில உக்காந்தா என் பாதி பூரா அவளுக்குத் தெரியுது. நான் என் பாதில உக்காந்தா அவளோடது ஒரு துளி தெரியல. ஒரே வீடு, அவளுக்கு ஜன்னல், எனக்குச் சுவர்.

— விஷயம் என்னன்னா, லினக்ஸுக்கு விண்டோஸைப் படிக்கத் தெரியும். அந்தப் பாதியை மவுன்ட் பண்ணிக்கும். அதாவது தன்னோட இணைச்சுக்கிட்டு, சொந்த ஃபோல்டர் மாதிரி திறந்துக்கும். விண்டோஸுக்கு லினக்ஸைப் படிக்கத் தெரியாது. தெரியலைன்னு ஒத்துக்கவும் ஒத்துக்காது. 'ஃபார்மட் பண்ணட்டுமா'ன்னு கேக்கும், துடைச்சுட்டுப் புதுசா ஆக்கட்டுமான்னு.

— ஓ.

— கேட்டுச்சாக்கா?

— என்னமோ கேட்டுச்சு. உள்ள போறதுக்குத்தான் வழி கேக்குதுன்னு நினைச்சு ஆமான்னுட்டேன்.

— சரி. அதுக்கப்புறம் இன்னொரு தடவை கேக்குமே.

— கேக்குமா?

— அந்த ஸ்டூலை இப்படி இழுத்துப் போட்டுக்கோங்க, ஃபேன் காத்து வரட்டும். வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. நீங்க என்ன அழுத்தினீங்கன்னு சரியா தெரிஞ்சாதான் நான் எங்க கை வைக்கலாம்னு எனக்குத் தெரியும்.

— 'இதுல இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும்'னு எழுதியிருந்துச்சு.

— படிச்சீங்களா?

— படிச்சேன்.

— படிச்சுட்டு?

— இன்னொரு தடவை படிச்சேன். எழுந்து போய் அடுப்பை அணைச்சுட்டு வந்தேன். வந்து உக்காந்து அழுத்தினேன்.

— சரிங்கக்கா.

— என்னைப் பார்க்காதீங்க தம்பி. வேலையைப் பாருங்க.

— வேலையைத்தான் பார்க்கறேன். அப்படி அழுத்தினவங்க எதுக்கு இந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறினீங்க?

— சின்னவ முகம் வந்து வந்து நிக்குது. அதைக்கூடத் தாங்கிட்டிருப்பேன். உள்ள அப்படி என்னதான் வச்சிருந்தாங்கறது இனிமே எனக்கும் தெரியாம போச்சே, அதைத்தான் தாங்க முடியல.

— நல்லவேளை, அதுக்கப்புறம் அதுல எதையும் சேமிக்கல நீங்க. விண்டோஸ் அவசர அவசரமா பண்ணின ஃபார்மட் இது. புஸ்தகத்தை எரிக்கல, பொருளடக்கத்தைத்தான் கிழிச்சிருக்கு. லினக்ஸ் அந்தப் பொருளடக்கத்துக்கு வேற இடங்கள்ல நகல் வச்சிருக்கும். முதல்ல உங்க டிஸ்க்கை அப்படியே இன்னொண்ணுல நகல் எடுக்கறேன். உங்களுதைத் தொடாம, நகல்லதான் கை வைப்பேன். ரெண்டு மணி நேரம் ஆகும். டீ சொல்லட்டுமா?

— சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் இறங்காது.

— அந்தம்மா மேல அப்படி என்ன கோவம் உங்களுக்கு?

— கோவம்னா நேர்ல திட்டிட்டுப் போயிடுவேனே. சொல்றதுக்கென்ன தம்பி, பொறாமை. பச்சைப் பொறாமை. நான் மூணு வாரம் உக்காந்து ஒரு படம் அனுப்புவேன். பதிப்பகத்துலருந்து 'நல்லா இருக்கு'ன்னு ஒரு வரி வரும். அவ மூணு நாள்ல அனுப்புவா. போன் வரும். போன் பண்ணி அரை மணி நேரம் சிலாகிப்பாங்க, 'உன் கையில என்னமோ இருக்கும்மா'ன்னு. அவ அந்தப் போனைக் கூடத்துல ஸ்பீக்கர்ல போடுவா. எங்க மாமனார் டிவி சத்தத்தைக் குறைச்சுட்டுக் கேப்பார். என் படத்துக்கு அவர் கண்ணாடியைக்கூட மாட்டினதில்ல.

— சரி, அது மூணு வருஷமா நடக்குது. இன்னிக்கு என்ன புதுசா?

— இனிமே ஒரு ஆள்தான் வேணுமாம் அவங்களுக்கு. அடுத்த வருஷப் புஸ்தகத்துக்கு ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு அட்டைப் படம் வரஞ்சு திங்கக்கிழமை கொடுக்கணும். எது பிடிக்குதோ அந்தக் கைதான் இனிமே. பன்னெண்டு வருஷத்துக்கப்புறம் எனக்குப் பரீட்சை வைக்கறாங்க. அவ அட்டைக்கு என்ன வரஞ்சிருக்கான்னு ஒரே ஒரு தடவை பார்த்துட்டா நிம்மதியா தூங்கலாம்னுதான் தொட்டேன். அந்தச் சுவர் என்னைப் பார்த்து அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு.

— டீ ஆறிப்போச்சு பாருங்க. ஏடு படிஞ்சிருக்கு.

— ஆறட்டும். இன்னும் எவ்வளவு இருக்கு?

— நகல் முடிஞ்சாச்சு. இப்ப அந்தப் பொருளடக்க நகலை வச்சு, இந்தப் பாதியை என் மெஷினோட இணைச்சுப் பார்க்கறேன். படிக்க மட்டும், எழுத இல்ல. இருங்க. இது சேரல. அடுத்த நகலைப் பார்ப்போம். வந்துடுச்சுக்கா.

— பாஸ்வேர்டு கேக்கலையா?

— அது வாசல்ல வர்றவங்களுக்கு. நாம கொல்லைப்பக்கமா வர்றோம். ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இது அவங்க சாமான். மீட்டாச்சு. நீங்க பார்க்காமலே நான் திருப்பிப் போட்டுக் கொடுத்துடலாம்.

— எல்லாம் சரியா வந்திருக்கான்னு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டாமா?

— நல்லா இருக்குக்கா உங்க நியாயம். 'அனுப்பினது'ன்னு ஒரு ஃபோல்டர். முப்பத்தெட்டு படம். முதல் படம், கழுதை.

— கொஞ்சம் தள்ளிக்கோங்க. இது என் கழுதை.

— உங்களுதா?

— போன வருஷம் நான் வரஞ்சது. கால் சரியா வரலைன்னு வெறுத்துப்போய்க் குப்பைத் தொட்டியில போட்டேன். இங்க எப்படி வந்துச்சு? அடுத்ததைக் காட்டுங்க. இந்த மாடு என்னுது. குடை பிடிச்ச பொண்ணு, என்னுது. இதுவும். இதுவும்தான்.

— குப்பைத் தொட்டியைக் காலி பண்ணுவீங்களா?

— எதுக்கு? போட்டா போச்சு.

— போகாது. அங்கயேதான் கிடக்கும். உங்க பக்கத்துலருந்து பார்த்தாதான் அது குப்பைத் தொட்டி. அவங்க பக்கத்துலருந்து இணைச்சுப் பார்த்தா அதுவும் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். புஸ்தகம் அச்சாகி வந்திருக்குமே, ஒண்ணுகூடவா கண்ணுல படல?

— அவ புஸ்தகத்தை நான் தொட்டதே இல்ல தம்பி. கூடத்துல எல்லாரும் சுத்தி உக்காந்து பார்ப்பாங்க. நான் அடுக்களையில பாத்திரத்தை உருட்டுவேன். அப்போ மூணு வருஷமா நான் வயிறெரிஞ்சதெல்லாம் என் படத்துக்கேவா?

— அப்படித்தான் தெரியுது.

— என் போனைக் கொடுங்க. அந்தப் பையிலதான் இருக்கு. பதிப்பகத்தை இப்பவே கூப்பிடறேன். ஸ்பீக்கர்ல போட்டுப் பேசறேன்.

— பேசுங்க. அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. இடது பக்கம் உங்க குப்பையில கிடந்த கழுதை. வலது பக்கம் அவங்க அனுப்பின கழுதை.

— ரெண்டும் ஒண்ணுதானே.

— எனக்குப் படத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா உங்களுது மிதக்குது. அவங்களுது நிக்குது.

— பெரிசு பண்ணுங்க. இன்னும் கொஞ்சம். பின்னங்கால் மடிப்பை ஒரு இழை கீழ இறக்கியிருக்கா. அவ்வளவேதான். நான் இந்தக் காலைப் பத்து நாள் அழிச்சு அழிச்சு வரஞ்சேன்.

— மாட்டுல?

— மாட்டுக்குக் கழுத்து. குடைக்காரிக்கு மணிக்கட்டு. எனக்கு எங்க வரலையோ அங்க மட்டும் கை வச்சிருக்கா. மத்த இடத்துல என் கோடு ஒண்ணைக்கூடத் தொடல.

— இப்பவாவது வயிறு ஆறிச்சா?

— முன்னைவிட அதிகமா எரியுது. அப்ப அவ அதிர்ஷ்டத்தைப் பார்த்து எரிஞ்சுது. இப்ப அவ கையைப் பார்த்து எரியுது. அட்டைப் படம் எங்க? அதைக் காட்டுங்க.

— 'அட்டை'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல.

— நான் அழிச்சதுல அது போயிடுச்சா?

— இல்ல. மத்ததெல்லாம் முழுசா இருக்கு. இதுல எதையும் போட்ட தடயமே இல்ல. கடைசியா எதெதைத் திறந்தாங்கன்னு ஒரு பட்டியல் இருக்கு, பாருங்க. இந்த வாரம் பூரா உங்க குப்பைத் தொட்டியைத்தான் திறந்திருக்காங்க. நேத்து மட்டும் ஆறு தடவை.

— இந்த வாரம் நான் ஒண்ணையும் தூக்கிப் போடல.

— அதான் அவங்களும் ஒண்ணும் வரையல. நீங்க யாருக்கும் போன் பண்ண வேண்டாம். திங்கக்கிழமை அவங்க வெறுங்கையோட போவாங்க. உங்க படம் தானா ஜெயிக்கும். உங்க அட்டையை வரஞ்சு முடிச்சாச்சு இல்ல?

— ஒரு குதிரை, மேகத்து மேல ஓடுது. முதுகுல ஒரு குழந்தை உக்காந்து புஸ்தகம் படிக்குது. அந்தப் பிடரியும் கண்ணும் மாதிரி நான் இதுவரைக்கும் வரஞ்சதில்ல. ஆனா முன்னங்கால் ரெண்டும் மரக்கட்டை மாதிரி தொங்குது.

— அஞ்சு மணிக்கு வந்துடுவாங்களே. அவங்ககிட்டயே கேளுங்க.

— அவகிட்டயா? உயிரே போனாலும் கேக்க மாட்டேன்.

— பேரைப் பங்கு போடணுமேன்னு பார்க்கறீங்களா?

— பேரு கிடக்கு தம்பி. அந்தக் குதிரை நொண்டிக்கிட்டு அத்தனை புள்ளைங்க கைக்கும் போறதை என்னால பார்க்க முடியாது.

— அப்ப நான் என்ன பண்ணட்டும்?

— அவ பாதியை இருந்தபடியே வச்சுடுங்க. அப்புறம் என் பாதியைத் திறந்து, அந்தக் குதிரையை எடுத்துக் குப்பைத் தொட்டியில போடுங்க.