மடியில் சேறு

பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸில் இருந்த எல்லோரையும் இறக்கி வரிசையில் நிற்கவிட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். மனைவியின் சொப்பிங் பை நிறையக் கறுத்த சேறு.

"இஞ்சினியர் ஒரு பிடி மண்தானே கேட்டவர். உந்தச் சேத்தை நான் தொடமாட்டன்," என்றார் கணவர்.

"நாங்கள் வாங்கின பாமன்கடைக் காணியில அஞ்சடி தோண்டினால் உதுதான் வருது. நல்லாப் பார்க்கட்டும்."

"யாழ்ப்பாணத்தில ரெண்டடியில கல்லு. அதுக்கு மேலயே அத்திவாரம் போட்டனாங்கள்."

"இது கனால் கரையப்பா, சதுப்பு நிலம். தூணுக்குத் தூண் தனி அத்திவாரம் போட்டால் ஒரு மூலை தாழும், சுவர் வெடிக்கும். வீடு முழுக்க ஒரே கொங்கிறீற் தட்டாப் போட்டால் எல்லாம் சேர்ந்துதான் தாழுமாம்."

"அப்ப தாழும்?"

"கொஞ்சம் தாழட்டுமன்."

ஆமிக்காரர் பையைத் திறந்தார். வீடு கட்டச் சேறு என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். அவர் முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, சிரித்தபடி போகச் சொன்னார்.

திரும்ப பஸ்ஸில் ஏறிய பிறகும் கணவர் விடவில்லை.

"எண்டாலும், கல்லு மேல கட்டினால் ஒரு நிம்மதி."

"கல்லு மேல கட்டினதை விட்டிட்டுத்தானே ஒரு பெட்டியோட ஓடி வந்தனாங்கள்?"

அவர் வேட்டியை ஒதுக்கி, அந்தப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மெல்லப் பிடியுங்கோ," என்றாள் அவள். "எங்கட வீடு."