ஆயிருக்கும்

கரண்ட் போனால் எல்லோரும் எங்களைத்தான் திட்டுவார்கள். பழகிவிட்டது ஐயா. தேவையான நேரத்தில் அதை நிறுத்துவதுதான் சப்-ஸ்டேஷனில் ரிலே பார்க்கிறவனின் வேலையே.

என் மனைவி மூச்சு இயந்திரத்தை நம்பி இருப்பவள். அதன் பேட்டரி இருபது நிமிடம் தாங்கும். எங்கள் தெருவுக்குக் கரண்ட் மூன்றாம் ஃபீடர் லைனில் வருகிறது. காற்றுக் காலத்தில் ஒரு கிளை உரசி, கரண்ட் கொஞ்சம் மண்ணுக்குக் கசிந்தாலும் எர்த் ஃபால்ட் ரிலே லைனை நிறுத்திவிடும். திரும்பி வர முக்கால் மணி நேரம். இரண்டு முறை அவள் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்தேன்.

"காத்து அடங்கற வரைக்கும் ஆஸ்பத்திரியில இருந்துக்கறேனே," என்றாள்.

அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைய என்னால் முடியாது. வேண்டாம் என்றேன்.

அந்த எர்த் ஃபால்ட் ரிலேக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு இணைப்புத் தகடு உண்டு. அதைக் கழற்றினேன். இனி கசிவு வந்தால் ரிலேயின் சின்னச் சிவப்புக் கொடி மட்டும் விழும், லைன் நிற்காது. கரண்ட் அளவு மீறினால் நிறுத்துகிற ஓவர்கரண்ட் ரிலேயில் கை வைக்கவில்லை. நான் பொறுப்பில்லாதவன் அல்ல. ஆனால் காய்ந்த மண்ணில் அறுந்து கிடக்கும் கம்பியில் போகிற கரண்ட் அதற்குத் தெரியாது. ஆளைக் கொல்ல அது போதும். இதுவும் எனக்குத் தெரியும்.

செவ்வாய் மதியம் மூன்றாம் ஃபீடரின் கொடி விழுந்தது. உடனே போன். லைன்மேன்; என் மனைவியின் தம்பி.

"மாமா, ஸ்கூல் வாசல்ல கம்பி அறுந்து கெடக்கு. ட்ரிப் ஆயிடுச்சில்ல?"

லைனை நிறுத்தும் கைப்பிடி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கம்பியைக் கட்ட ஒரு மணி நேரம். பேட்டரி இருபது நிமிடம்.

"ஆயிருக்கும்," என்றேன்.

சிரித்தான். "அதானே, உங்க ரிலே தும்முனாலே ட்ரிப் ஆகுமே. பசங்க வெளிய வர்ற நேரம் மாமா, ஓரமா இழுத்துப் போட்டுடறேன்."

போனை அணைக்காமல் பையில் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது. நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கொடியைத் தூக்கி வைத்தேன். மறுபடி விழுந்தது.

பள்ளிக் காவலாளி கூப்பிட்டுக் கத்திய பிறகுதான் லைனை நிறுத்தினேன். பக்கத்து வீட்டார் என் மனைவியைப் பதினோரு நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறாள்.

வாக்குமூலத்தில் 'ஆயிடுச்சு' என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்துங்கள் ஐயா. நான் சொன்னது 'ஆயிருக்கும்'. நான் பொய் பேசுகிறவன் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போனில் தம்பி எங்கே என்று கேட்டாள். "வந்துட்டிருப்பான்," என்றேன். அதுவும் பொய் இல்லை. அவனையும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.