கட்டாத மஞ்சள் நாடா

எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ நன்றாகத்தான் இருக்கும், ஐயா. வரிசைதான் நீளம். போய் வாங்கிக்கொண்டு திரும்பக் கால் மணி நேரமாவது ஆகும். எனக்கு அந்தக் கால் மணி நேரம் போதும். ஆண்கள் வார்டில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், பக்கத்தில் நிற்கிற மனைவியையோ அம்மாவையோ முதலில் டீ வாங்க அனுப்பிவிடுவேன். அவர்கள் நின்றால் எந்த ஆம்பிளையும் வாயைத் திறக்க மாட்டான்.

என் பெயர் தாமரைச்செல்வி. வீடு அரியாங்குப்பத்தில். ஆபரேஷனுக்குச் சேர்கிறவர்களிடம் குடி, கஞ்சா, மாத்திரை என்று என்ன பழக்கம் இருக்கிறது எனக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என் வேலை. சுலபமில்லை. இந்த ஊரில் 'குடிப்பீங்களா' என்று கேட்டால் சாமி மேல் சத்தியம் செய்து இல்லை என்பார்கள். 'எந்தக் கடைங்க வழக்கம்?' என்று கேட்டுப் பாருங்கள். கடை எங்கே, சாராயமா பிராந்தியா, தொட்டுக்கொள்ள என்ன, எல்லாம் தானாக வரும்.

தினமும் குடிக்கிறவர் என்று தெரிந்தால் கட்டிலின் கால்மாட்டில் மஞ்சள் நாடா ஒன்றைக் கட்டுவேன். ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர் அதைப் பார்த்ததும் அதற்கான மருந்தை ஆரம்பித்துவிடுவார். ஆரம்பிக்காவிட்டால் வம்பு. வருஷக்கணக்காகக் குடித்த உடம்புக்குச் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உதறல் எடுக்கும். வலிப்பு வரும். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். சிலர் செத்தும் போவார்கள்.

ஆஸ்பத்திரி விசாரணையில் ராஜவேல் கட்டிலுக்கு நான் நாடா கட்ட மறந்துவிட்டதாக முடிவு செய்திருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்ததும் அதற்காகத்தான். நான் மறக்கிறவள் இல்லை, ஐயா.

என் வீட்டுக்காரரைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்று தெரிகிறது. அவர் காப்பி குடித்தாலே நெஞ்சு எரிகிறது என்பவர். என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. என் அப்பாவும் அப்படித்தான். காரணத்தை அந்த வழியில் தேட வேண்டாம்.

உண்மையில் மறந்தது ஒரே ஒரு தடவை. துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற கமலக்கண்ணன் குடலிறக்கத்துக்கு வந்து படுத்திருந்தார். அன்றைக்கு வார்டில் ஏதோ களேபரம், நாடா கட்டாமல் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அவர் ரெண்டு கையையும் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். நாக்கைக் கடித்துத் தலையணையெல்லாம் ரத்தம். 'என்ன உட்டுட்டுப் போயிடாதடி, காலப் புடிச்சிக்கிறேன்டி' என்று மனைவியைப் பார்த்துக் கதறினார். அந்த அம்மாவுக்கு முன்பல் ஒன்று கிடையாது, புருவத்தில் பழைய தழும்பு. கையில் டீயை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். 'இப்பதான் மேடம் இந்த ஆளுக்குத் தெரியுது, பயம்னா என்னான்னு' என்றாள்.

அரியாங்குப்பம் போய்ச் சேரும் வரை பஸ்ஸில் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன். போலீஸும் பஞ்சாயத்தும் செய்யாததை ஒரு முழ நாடா செய்துவிட்டது. கட்டினதால்கூட இல்லை, கட்டாமல் விட்டதால்.

அதற்குப் பிறகு நானாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன். தினமும் குடிக்கிறேன் என்று சொல்கிறவர்களிடம் மட்டும், 'வீட்டுல கை நீட்டுறதுண்டா?' என்று சிரித்த முகமாகக் கேட்பேன். இல்லை என்றவர்களுக்கு நாடா உண்டு. உண்டு என்றவர்களுக்கு இல்லை. நான் யாருக்கும் தீர்ப்பு எழுதவில்லை. அவரவர் வாயாலேயே எழுதிக்கொண்டார்கள்.

டாக்டர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. 'எங்கிட்ட குடிக்கிறதில்லன்னுதான் சொன்னாரு, டாக்டர்' என்பேன். குடிகாரன் பொய் சொல்வான் என்பது ஊரறிந்த விஷயம்தானே. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒருவர் ஜன்னல் கண்ணாடியைக் குத்தி உடைத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்து எலும்பு தெரிந்தது. இன்னொருவருக்கு வலிப்பில் தோள்பட்டை முறிந்தது. கொத்தனார் ஒருவர் பிழைக்கவில்லை. அவர் மனைவி தரையில் புரண்டு, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழத்தான் செய்வார்கள். ஊர் பார்க்கிறதே. உள்ளுக்குள் அவளுக்கு எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும். நான்தான் முகத்தில் தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்கார வைத்தேன்.

இப்போது ராஜவேலுக்கு வருகிறேன். சேதராப்பட்டில் கம்பெனி வேலை. தவளக்குப்பம் சிக்னலில் வண்டி சறுக்கிக் கால் முறிந்து வந்தார். மனைவி வரலட்சுமி, காலேஜில் படிக்கிற மகள் சங்கவி, ரெண்டு பேரும் கூட இருந்தார்கள். வழக்கம்போல டீ வாங்க அனுப்பினேன். ஷிப்ட் முடிந்ததும் தினமும் ஒரு குவாட்டர் என்று அவரே சொன்னார். என் கேள்வியையும் கேட்டேன். அவர் அந்தப் பக்கக் கட்டிலைப் பார்த்தார், இந்தப் பக்கக் கட்டிலைப் பார்த்தார்.

'நாலு சாத்து சாத்தலன்னா பொண்டாட்டி நம்மள எங்க மதிக்கப் போவுது மேடம்?' என்றார்.

கட்டில்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாடாவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ரெண்டாம் நாளே வியர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. விரல்கள் நடுங்கின. வரலட்சுமி வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். 'மேடம், இவருக்கு உடம்பெல்லாம் ஒதறுது. போர்வைல எறும்பு ஊறுதுன்னு தட்டிக்கிட்டே இருக்காரு. எனக்குப் பயமா இருக்கு. டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்.'

'ஆபரேஷன் பயம்மா. எல்லாருக்கும் வர்றதுதான். பக்கத்துல ஒக்காந்து கையப் புடிச்சிக்கோங்க, சரியாயிடும்' என்றேன்.

சொன்னபடியே செய்தாள். மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு வண்டி வந்துபோன பிறகு, கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்து அவர் வலது கையைத் தன் ரெண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அவள் அவளாகத் தெரியவில்லை. கழுத்தைப் பிடிக்க வந்த ஏதோ ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. கையை உருவி, குளுக்கோஸ் மாட்டியிருந்த இரும்புக் கம்பியை இழுத்து அவள் தலையில் போட்டார். கால் உடைந்த மனுஷன்தான், ஆனாலும் அந்த நேரத்துப் பலம் வேறு. அவள் 'என்னங்க' என்றாள். ரெண்டாவது அடிக்குப் பிறகு அதுவும் இல்லை. அவர் நிறுத்தவில்லை. வார்டு பாய்கள் நாலு பேர் மேலே விழுந்து அமுக்கும்போது கம்பி வளைந்திருந்தது. சுவரில் என் தோள் உயரத்துக்கு ரத்தம். டியூட்டி நர்ஸ் செந்தமிழ்ச்செல்வி மயங்கி விழுந்துவிட்டாள். பாவம், அவளை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். அவள் மேல் தப்பே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் நாற்காலியை நிமிர்த்திப் போட்டுவிட்டு, சங்கவி உள்ளே வராதபடி கதவைச் சாத்தினேன். அவள் டீ வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

இப்போது ராஜவேலுக்கு ஓரளவு தெளிந்துவிட்டது. நடந்தது ஒன்றும் ஞாபகமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உங்கள் கான்ஸ்டபிள் எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடப் புரியவில்லை. 'வரலட்சுமி எங்க? சாப்புட்டுச்சா?' என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்கிறார். சொன்னால் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார். தூங்கி எழுந்ததும் மறுபடி கேட்கிறார். ஒருதரம் நானே சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன்.

சங்கவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. 'எங்கப்பா எங்கம்மாவ ஒரு நாளும் அடிச்சதில்ல மேடம். கைய ஓங்குனதுகூட இல்ல. எங்கம்மாதான் வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு அவரத் தொரத்தும். அவரு சிரிச்சிக்கிட்டே தெருவுல ஓடுவாரு.' மகள்கள் அப்படித்தான் பேசுவார்கள். அப்பன் மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா? பக்கத்துக் கட்டில்காரரும் அதையேதான் சொன்னார். 'நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்னு கெத்துக்குச் சொன்னாரு மேடம். நாலு ஆம்பள நடுவுல, எம் பொண்டாட்டிக்கு நான் பயப்படுவேன்னு எவன் சொல்லுவான்?'

மனைவிகளிடம் ஒரு தடவையாவது கேட்டதுண்டா என்கிறீர்கள். எப்படிக் கேட்பேன், ஐயா? அவர்கள் டீ வாங்கப் போயிருந்தார்களே.

ஆகவே மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுத வேண்டாம். ராஜவேல் கட்டிலுக்கு நாடா கட்டாமல் விட்டது நான், தெரிந்தேதான். கொத்தனாருக்கும் அப்படித்தான். மற்றவர்களுக்கும் அப்படித்தான். என் மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் ராஜவேல் நல்லவர், அடிக்கத் தெரியாதவர் என்று இன்றைக்கு எல்லோரும் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பெண்டாட்டியை அடிக்கிற ஆள் என்று முதல் நாளே நான் கண்டுபிடித்துவிட்டேன். பாருங்கள், அடித்தாரா இல்லையா?