கடிக்காத எலிகள்

எலி ஒரு நாளைக்கு எத்தனை முறை முகம் கழுவும் என்பது பலருக்குத் தெரியாது. சாப்பிட்டதும் கழுவும். தூங்கி எழுந்ததும் கழுவும். நாம் தொட்டுத் தூக்கி விட்டால், நம் கை வாடை போகவேண்டும் என்று மறுபடியும் உட்கார்ந்து கழுவும். இன்ஸ்பெக்டர் ரிதுவான், நீங்கள் எழுத ஆரம்பிக்கும் முன் இதைச் சொல்லிவிட நினைத்தேன். மாவட்ட மன்றத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில் ‘அசுத்தமான பிராணிகள்’ என்று போட்டிருந்தார்கள். இத்தனைக்கும் ஆரம்பம் அந்தச் சொல்தான்.

தமிழிலேயே பேசலாம் என்றீர்கள். நன்றி. உங்கள் தகப்பனார் தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், நானும் அங்கே சாப்பிட்டிருக்கிறேன். உங்களிடம் பேசுவது எனக்குச் சிரமமில்லை.

என் பெயர் புவனேஸ்வரன். வயது ஐம்பத்து நான்கு. தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலை ஆபீசில் கடிதம், கணக்கு எழுதும் கிராணி. என் மனைவி மணியம்மா தவறி ஆறு வருஷமாகிறது. பிள்ளை குட்டி இல்லை. அவள் தவறிய அந்த வருஷமே ஈப்போவில் ஒரு நண்பர் ஒரு ஜோடி எலி கொடுத்தார். சாக்கடை எலியல்ல, வளர்ப்பு எலி. வெள்ளையும் சாம்பலுமாக, பட்டுத் துணி போல இருக்கும். இன்றைக்குப் பதினொன்று இருக்கின்றன. இருந்தன என்று சொல்லவேண்டும், நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள்.

மன்றத்தின் திட்டம் இது. குடியிருப்புப் பகுதிகளில் எலி, முள்ளெலி, பல்லி வகை, சின்னப் பாம்பு எதையும் வளர்க்கக் கூடாது. வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்ததை என்ன செய்வீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். நடைமுறைப்படி செய்வோம் என்றார்கள். நடைமுறை என்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முப்பது வருஷம் ஆபீசில் கடிதம் எழுதியவனுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும்.

நாய் கடிக்கிறது, நாய்க்குத் தடையில்லை. கியா பார்ம் பாதையில் விடுமுறை நாளில் வருகிற கார்கள் மோட்டார் சைக்கிள்காரர்களைத் தள்ளிவிட்டுப் போகின்றன, காருக்குத் தடையில்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு உயிர்தான் இவர்கள் கண்ணை உறுத்தியது. இப்படி வளர்க்கிறவர்களுக்காக நான் ஒரு சங்கம் ஆரம்பித்தேன். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் தேடி நாற்பத்தொரு பேரைச் சேர்த்தேன். நான் செயலாளர். மன்றம் எங்கள் தரப்பைக் கேட்க ஒரு செவ்வாய்க்கிழமையைக் கொடுத்தது.

சசிரேகாவைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

தோட்டத்து லைன் வீடுகளில் எனக்கு அடுத்த வீடு. புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். லோரி ஓட்டுகிற வீரப்பன் ஊருக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தான். முப்பது வயது இருக்கும். மலாய் வராது, ஆங்கிலமும் வராது. அவளுடைய விசா படிவம் முதற்கொண்டு எல்லாம் நான்தான் பூர்த்தி செய்து கொடுத்தேன். வீட்டில் மீன் குழம்பு வைத்தால் எனக்கு ஒரு கிண்ணம் வரும். அண்ணே என்பாள்.

கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில், மனுவோடு வைக்க ஒரு படம் எடுக்க நினைத்தேன். வளர்க்கிறவன் கையில் எலி இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கையில் இருக்கவேண்டும். சசிரேகாவைக் கூப்பிட்டேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, கடிச்சிராதே?”

“கடிக்காது லா. சும்மா புடிச்சுக்க. இங்க பாத்து சிரி.”

சிரித்தாள். நாலு படம் எடுத்தேன், நாலும் நன்றாக வந்தன. ஐந்தாவது எடுக்கும்போது பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. அவள் பயந்து கையை இறுக்கிவிட்டாள். இறுக்கினால் எலி என்ன செய்யும்? ஆள்காட்டி விரலின் அடியில் கடித்தது. இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். அவள் எலியைக் கீழே போடவில்லை. கூண்டுக்குள் பத்திரமாக விட்டுவிட்டுத்தான் கையை உதறினாள். நல்ல பெண் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

மருந்து போட்டுவிட்டேன்.

“சசி, கூட்டம் முடியற வரைக்கும் இத யார்கிட்டயும் சொல்லாத, என்னா?”

“அவருகிட்டகூடவா?”

“வீரப்பன்கிட்ட சொன்னா டவுன் பூரா தெரிஞ்சிரும்.”

“சரிண்ணே. நீங்க எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கீங்க.”

வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வீரப்பன் பினாங்கு பக்கம் சரக்கோடு போயிருந்தான். போன் பண்ணி, “கிராணிண்ணே, நீங்கதான் அவளப் பாத்துக்கணும்” என்றான். பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் அதீரா சின்ன வயது, பொறுமைசாலி. மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். ஆற்றில் குளித்தாளா, வெளியில் எங்கே சாப்பிட்டாள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, ஏதாவது பிராணி கடித்ததா என்றார்.

சசிரேகா என்னைப் பார்த்தாள். “என்னண்ணே கேக்குறாங்க?”

“எப்பலேர்ந்து காய்ச்சல்னு.”

“நேத்துலேர்ந்து.”

நான் டாக்டர் பக்கம் திரும்பி, “இல்லை என்கிறாள்” என்றேன்.

மாத்திரை கொடுத்து, திங்கட்கிழமை திரும்ப வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை அவளால் நடக்க முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புப் புள்ளிகள். வார்டில் சேர்த்தார்கள். டாக்டர் அதீரா அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலில் காயம் ஆறி, தடம் கூடச் சரியாகத் தெரியவில்லை. வீட்டிலோ பக்கத்திலோ எலி, பூனை, ஏதாவது உண்டா என்று மறுபடி கேட்டார். தோட்டத்தில் அப்படி யாரும் வைத்திருக்கவில்லை என்றேன்.

சசிரேகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதடு காய்ந்திருந்தது.

“அண்ணே, அந்த எலி கடிச்சதச் சொல்லிருவமா? மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

“சொல்லிட்டேம்மா. அதெல்லாம் ஒண்ணுமில்லங்கறாங்க.”

அவள் முகம் தெளிந்துவிட்டது. ஒரு நோயாளிக்கு நிம்மதி முக்கியம் இல்லையா? என்ன சொல்கிறாள் என்று டாக்டர் கேட்டார். ஊர் ஞாபகம் என்கிறாள் என்றேன்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, எனக்கு ஆபத்து தெரியுமா என்று கேட்கப்போகிறீர்கள். தெரியும். எலி வளர்க்கிறவன் எலிக்கடிக் காய்ச்சலைப் பற்றிப் படிக்காமல் இருப்பேனா? பழைய பென்சிலினே அதற்குப் போதும் என்பதும் தெரியும். ஆனால் மறுநாள் கூட்டம். ஒரு கடி என்று தெரிந்தால் பதினொன்று மட்டுமல்ல, நாற்பத்தொரு வீட்டு உயிர்களும் போய்விடும். ஒரு நாள்தானே, தாங்கிவிடுவாள் என்று கணித்தேன். கணிப்பு தவறலாம். நோக்கம் தவறவில்லை.

செவ்வாய்க்கிழமை மன்றத்தில் இருபது நிமிஷம் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று எல்லாரும் சொன்னார்கள். சசிரேகாவின் படத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டினேன். சேலையும் சிரிப்பும் கையில் எலியுமாக அவளைப் பார்த்து ஒரு உறுப்பினரே புன்னகை செய்தார். இன்னொருவர், இதுவரை யாரையாவது கடித்ததுண்டா என்றார். எங்கள் சங்கத்தில் ஒருவரைக்கூடக் கடித்ததில்லை என்றேன். அது பொய்யில்லை, இன்ஸ்பெக்டர். சசிரேகா சங்க உறுப்பினர் கிடையாது.

மதியம் பன்னிரண்டு மணிக்குத் தடையை ஒத்திவைத்தார்கள். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். யாரோ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை அவளை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். கிருமி இதயத்தில் ஏறிவிட்டது. வீரப்பன் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் இறந்துபோனாள். சுடுகாட்டில் வீரப்பன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீங்க மட்டும் இல்லன்னா எம் பொண்டாட்டி நாதியத்துக் கெடந்திருப்பாண்ணே” என்று அழுதான். நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

இரண்டு வாரம் கழித்து, எலிக்கடிக் காய்ச்சல்தான் என்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. டாக்டர் அதீரா ஆளை அனுப்பவில்லை, தானே லைனுக்கு வந்துவிட்டார். எலி வளர்ப்பது யார் என்று கேட்டதும் வீரப்பன் என் வீட்டைக் காட்டினான். பகல் நேரம், கதவு திறந்திருந்தது. சுவரோரம் அடுக்கிய கூண்டுகளை அந்தம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எது?” என்று மலாயில் கேட்டார்.

மேல் தட்டில் இரண்டாவதைக் காட்டினேன். அதன் மேல் குற்றமில்லை, அவள்தான் கையை இறுக்கினாள் என்று விளக்கினேன். வீரப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. “அண்ணே, ஒங்ககிட்டதானே வுட்டுட்டுப் போனேன்” என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் என்னை அடிக்கவில்லை. கூண்டையும் தொடவில்லை. அதற்கு அவனுக்கு நன்றி.

நான் தலை குனிந்து உட்காரவில்லை என்று உங்கள் அதிகாரி வெளியே சொன்னது என் காதில் விழுந்தது. குனிய மாட்டேன். கோர்ட்டிலும் இதையேதான் சொல்வேன். பேசத் தெரியாத உயிர்களுக்காக ஒருவன் பேச வேண்டியிருந்தது, பேசினேன்.

இப்போது நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். கூட்டம் முடிந்தது செவ்வாய் மதியம். அவள் போனது வெள்ளி மதியம். “தடைய ஒத்திவச்சாச்சு. ஒங்க எலிங்களுக்கு ஆபத்தில்ல. அந்த மூணு நாள்ல ஒரு போன் பண்ணிச் சொல்றதுக்கு என்ன?” என்கிறீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். கடித்தது எனக்குத் தெரியும். சொன்னால் பிழைப்பாள் என்பதும் தெரியும். சொல்லவில்லை. புதன்கிழமை சொல்லியிருந்தால், சனிக்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பார்கள். செயலாளர் பொய்யன் என்றாகிவிடும். அந்தக் கெட்ட பெயர் எனக்கல்ல, என் எலிகளுக்குத்தான் வந்து சேரும். எல்லாம் அதுகளுக்காகத்தான்.

ஆமாம், வியாழக்கிழமை நான் ஈப்போவில்தான் இருந்தேன். நீங்கள் விசாரித்தது சரி. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவளைக் கடித்த எலிக்கு இரண்டு நாளாகத் தும்மல், மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். என்ன தின்றது, எப்படித் தூங்கியது, யாரைக் கடித்தது, என்றைக்குக் கடித்தது என்று அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் ஒன்று விடாமல் பதில் சொன்னேன். வைத்தியரிடம் எதையும் மறைக்கக் கூடாது இல்லையா.