எங்கள் அணியில் சண்டையே கிடையாது

எனக்குச் சத்தம் ஆகாது. வீட்டில் மிக்சி ஓடினாலே கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிற ஆள் நான். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதனால் மெதுவாகவே பேசுகிறேன். எழுதிக்கொள்கிறவருக்கும் வசதியாக இருக்கும்.

உங்கள் விசாரணைக் குழுவின் முதல் அறிக்கையைப் படித்தேன். தவறு மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற டெஸ்டருடையது, அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அடுத்த வரியிலேயே 'அணி குழப்பத்தில் இயங்கியது' என்று ஒரு போடு போட்டிருக்கிறீர்கள். அதுதான் பொறுக்கவில்லை. ஐந்து வருடம் கட்டிக் காத்த அணி அது. எப்படி இயங்கியது என்று நானே சொல்லிவிடுகிறேன்.

என்னையும் சேர்த்து எட்டுப் பேர். மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் இயந்திரம் இருக்கிறதல்லவா, அதற்குள் இருக்கும் மென்பொருள் எங்களுடையது. குழந்தையின் எடையைக் கொடுத்தால் மருந்து எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்று அது கணக்குப் போடும். வேலையை இரண்டிரண்டு வாரமாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வோர் இரண்டாவது வெள்ளிக்கிழமையும் மூன்று மணிக்கு ரெட்ரோ என்று ஒரு கூட்டம். நமக்கு எது தடையாக இருந்தது என்று ஆளுக்கொரு மஞ்சள் சீட்டில் பெயர் போடாமல் எழுதி அட்டைப் பெட்டியில் போடுவோம். நான் பிரித்து வாசிப்பேன். யார் எழுதியது என்று கேட்கக் கூடாது, எழுதியதை எதிர்த்துப் பேசக் கூடாது. இதெல்லாம் நான் கண்டுபிடித்த விதிகள் அல்ல, ஊரெல்லாம் நடப்பதுதான்.

நான் பொறுப்புக்கு வந்தபோது, தாடி, சோடாபுட்டி என்று நாங்கள் கூப்பிடுகிற இரண்டு பேர் எலியும் பூனையுமாக இருந்தார்கள். இரண்டு பேருமே கெட்டிக்காரப் புரோகிராமர்கள். ஒருவன் எழுதியதை மற்றவன் குப்பை என்பான். மேஜையைத் தட்டுவார்கள், நாற்காலியைத் தள்ளுவார்கள். மற்றவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்துகொள்வார்கள். எனக்குத் தலைவலி மாத்திரைதான் சாப்பாடு.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் டெஸ்டர் ஒரு சுண்டைக்காய் விஷயத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தார். ஒரு திரையில் தேதியும் மாதமும் இடம் மாறி வந்துவிட்டன. அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நான்கு வயது பெரியவர். வேலை என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு பொத்தான் நூலளவு நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அன்று தாடியும் சோடாபுட்டியும் ஒன்று சேர்ந்துகொண்டு அவரைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாக டீ குடிக்கப் போனார்கள். கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன். தாடி சோடாபுட்டியின் தோளில் கை போட்டிருந்தான்.

அடுத்த இரண்டு வாரமும் அறையில் சத்தமே இல்லை. வேலை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு நடந்தது.

அடுத்த ரெட்ரோவில் அக்கா மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அதனால் நானே ஒரு சீட்டு எழுதினேன், இடது கையால். 'டெஸ்டிங் தாமதமாகிறது.'

வாசித்தபோது அக்கா எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி, நான் பாத்துக்கறேன்" என்றார். வேகமாக வேலை பார்க்கத் தொடங்கினார். இரண்டு வாரம் கழித்து, 'டெஸ்டிங்கில் அவசரம் தெரிகிறது' என்று எழுதினேன். எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்க ஆரம்பித்தார். 'பார்த்ததையே பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று எழுதினேன். சந்தேகம் கேட்டால் தொணதொணக்கிறார் என்று ஒரு சீட்டு, கேட்காவிட்டால் கலந்து பேசுவதில்லை என்று ஒரு சீட்டு. கோபத்தில் எழுதியது ஒன்றுகூடக் கிடையாது. அக்காவை எனக்குப் பிடிக்கும்.

ஏன் அவர் என்று கேட்பீர்கள். தாடியாக இருந்தால் கத்துவான். சோடாபுட்டி அன்றைக்கே வேறு வேலை தேடுவான். அக்கா தாங்கிக்கொள்வார். அவ்வளவுதான்.

ஏழாவது மாதத்தோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன். தேவைப்படவில்லை. மற்றவர்களே எழுதத் தொடங்கியிருந்தார்கள். மேல் மாடியிலிருந்து மற்ற அணித் தலைவர்களை எங்கள் அறையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். வெற்றி என்றால் என்ன என்று கேட்டார்கள். ஐந்தரைக்கு எல்லோரும் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்றேன். குறித்துக்கொண்டார்கள். அந்த வருடம் சிறந்த அணிக்கான கேடயம் எங்களுக்குத்தான். குழுப் படத்தில் அக்கா இருக்க மாட்டார். படத்தை எடுத்தது அவர்.

ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"சார், யாருன்னு கேக்கல. அது எனக்கு வேண்டாம். எதுல தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லுங்க. இப்பல்லாம் எனக்கு எதுவுமே நிச்சயமா தெரியல. வீட்ல கேஸ் அடுப்ப மூடினேனான்னு இன்னிக்கு மட்டும் வீட்டுக்காரருக்கு நாலு தடவ போன் பண்ணிட்டேன். அவரே திட்றாரு."

"ரெஸ்ட் எடுங்கக்கா. எல்லாரும் உங்க நல்லதுக்குத்தானே எழுதறாங்க."

"வேற டீமுக்காவது மாத்தி விடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நீங்க இல்லாம இந்த டீம் ஓடாதுக்கா" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் இரண்டு முறை மாற்றல் கேட்டார். இரண்டு முறையும் நான் கையெழுத்துப் போடவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு மருத்துவமனைகளுக்குப் போக வேண்டும். அக்கா என்னைத் தன் இடத்துக்குக் கூப்பிட்டார். "ஒண்ணு பாத்தேன் சார். என் கண்ணையே என்னால நம்ப முடியல. நீங்க ஒரு தடவ பாருங்களேன்."

சோதனைக்காக அவர் கொடுத்த முதல் குழந்தையின் எடை இருபத்திரண்டு கிலோ. அதை முடித்துவிட்டு அடுத்த குழந்தைக்கு நாலு கிலோ என்று மாற்றினார். முந்தைய திரைக்குப் போய்த் திரும்பி வந்தார். திரையில் நாலு கிலோ என்றுதான் இருந்தது. மருந்து இருபத்திரண்டு கிலோவுக்கான வேகத்தில் இறங்கியது. மூன்று முறை செய்து காட்டினார், மூன்று முறையும் அப்படியே நடந்தது.

நான் பார்த்தேன். தெளிவாகவே பார்த்தேன். அந்தப் பகுதியில் பாதி தாடி எழுதியது, பாதி சோடாபுட்டி எழுதியது. விஷயம் வெளியே வந்தால் சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் மேஜையைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். அரை நிமிடம் யோசித்திருப்பேன்.

"எனக்கு எல்லாம் சரியாத்தான் தெரியுதுக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "அப்ப நான்தான் தப்பா பாத்துட்டேன்" என்றார். பெரிய பாரம் இறங்கியதுபோல மூச்சு விட்டார். மூடுவதற்கான காரணம் என்ற இடத்தில் 'என் கண்ணின் பிழை' என்று தட்டச்சு செய்து, தான் பதிந்திருந்த புகாரை மூடினார். அதைத்தான் நீங்கள் ஒப்புதல் என்று அறிக்கையில் ஒட்டியிருக்கிறீர்கள்.

மூன்று குழந்தைகள் போய்விட்டன. ஒரே வாரத்தில், இரண்டு மருத்துவமனைகளில். கடைசிக் குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம், கட்டிலில் அம்மாவின் பெயர்தான் எழுதியிருந்ததாம். வருத்தமாகத்தான் இருக்கிறது. நானும் இரண்டு பிள்ளைகள் பெற்றவன்.

செய்தி வந்தது ஒரு ரெட்ரோ வெள்ளிக்கிழமை. கூட்டத்தைத் தள்ளிப்போடலாமா என்று தாடி கேட்டான். வேண்டாம் என்றேன். எட்டுச் சீட்டுகள் விழுந்தன. எட்டிலும் அக்காதான். ஒன்று நான் எழுதியது, இந்த முறை வலது கையால். ஒன்று அக்காவே எழுதியது, அவர் கையெழுத்து எனக்குத் தெரியும். எட்டையும் வாசித்துவிட்டு, எல்லாரும் ஒத்துக்கறீங்களா என்று கேட்டேன். முதலில் உயர்ந்தது அக்காவின் கை.

எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்குக்கூட எங்கள் அணியில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.