கெயிலின் மூக்கில் இரண்டு குச்சிகள்

எனக்குக் கையுறை ஆறரை அளவுதான் பொருந்தும். ஏழு போட்டால் விரல் நுனி தொளதொளவென்று நிற்கும். கனடாவில், மனிடோபாவின் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் பிரான்ட்டின் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பவள் நான்தான். இங்கே தொற்றுத் தடுப்பைக் கவனிக்கும் உங்களுக்கும் இது தெரியும், டெனிஸ்.

போன இலையுதிர் காலத்தில் மூன்று பேருக்கு மூட்டு மாற்றிய காயம் பிரிந்துகொண்டது. எந்த மருந்துக்கும் கிருமி மசியவில்லை. தியேட்டரில் நிற்கும் எல்லோருடைய மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு, கிருமி இருக்கிறதா என்று பார்க்க லேபுக்கு அனுப்பச் சொன்னீர்கள். பொறுப்பை என்னிடம் கொடுத்தீர்கள். நியாயமான முடிவுதான்.

என்னோடு வேலை செய்யும் நர்ஸ் கெயிலின் மூக்கில் இரண்டு குச்சிகள் விட்டேன்.

"ஏன்டி லோர்னா, மூளையையே சுரண்டி எடுத்துருவ போலிருக்கே!" என்று தும்மினாள்.

"இருந்தாத்தானே எடுக்க. கொஞ்சம் பொறு."

இரண்டாவது குச்சியில் என் பெயரை ஒட்டினேன். எல்லோரும் சுத்தம் என்று முடிவு வந்தது. கிருமி காற்றில் வருகிறதோ என்று நீங்கள் தியேட்டரின் காற்றுக் குழாயைப் பிரித்துப் போட்டீர்கள்.

மாட்டியிருந்தால் ஐந்து நாள் மூக்கில் களிம்பு, அதுவரை தியேட்டருக்குள் வரக்கூடாது. அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து நாளும் கேன்டீனில் எல்லோரும் என்னையே பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரமே, வீட்டுக்குப் போய்விட்ட ஒரு நோயாளியின் பெயரில் என் குச்சியை அனுப்பிப் பார்த்தேன். அதே கிருமி. களிம்பு வாங்கி மூன்று நாள் தடவினேன். எரிந்தது, விட்டுவிட்டேன். முகமூடிதான் போடுகிறோமே.

ஜனவரியில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹாலிஸ் முட்டி மாற்ற வந்தார். "முட்டிய எடுத்துக்கோ லோர்னா, பஸ் சாவிய மட்டும் கேக்காத" என்று சிரித்தபடியே மயக்க மருந்தில் கண்ணை மூடினார். இரண்டு வாரத்தில் காயத்திலிருந்து சீழ் வந்தது. பிறகு அந்தக் காலையே வெட்டி எடுத்தார்கள். மார்ச்சில் இறந்தார். அடக்கத்தன்று அவர் மனைவி மேவிஸ் என் கையை விடவேயில்லை. "நீ பக்கத்துல நின்ன பாரு, அதுதான் எனக்கு ஆறுதல்" என்றாள். உண்மையிலேயே அழுதேன்.

இரண்டு குச்சிகள் விட்டதை கெயில் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் நீட்டும் இந்தக் குச்சியையும் மறுக்கப் போவதில்லை. இன்றைக்கு மட்டும் வேண்டாம், நாளை மறுநாள் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு மேவிஸுக்கு இடுப்பு மூட்டு மாற்றுகிறார்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவளை வேறு யார் கையிலும் விட எனக்கு மனம் வரவில்லை.