இன்னொரு வயர் போடுங்க

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, நாற்காலி போதாமல் நெருக்கி அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளைத் தோளில் சாய்த்தபடி நிற்கும் தாய்மார்களே, வேலை முடிந்த கையோடு முகத்துக் கரியைக்கூடக் கழுவாமல் வந்திருக்கும் துறைமுகத் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் செய்தி. இன்று மாலை துறைமுகச் செயலாளர் தம் அறையில், உங்கள் சார்பில் போயிருந்த என்னிடம் உறுதி செய்தது இது: வந்த கப்பலைக் கரையோடு கட்டும் பிரிவின் மேற்பார்வையாளர் மீதான இடைநீக்கம் இன்னும் விலக்கப்படவில்லை. அந்த அம்மா அதோ, மூன்றாவது வரிசையில், கணவர் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். உங்களுக்கு அவர் வயரக்கா.

கைதட்டல் இருக்கட்டும் ஐயா. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள்.

கரையில் நிற்கும் கப்பல் சும்மா நிற்பதில்லை. விளக்கு எரிய, குளிர்பெட்டி ஓட, அதன் இன்ஜின் இரவும் பகலும் இயங்குகிறது. அந்தப் புகை எங்கே போகிறது? உங்கள் கொடியில் காயும் துணிக்கு. உங்கள் குழந்தையின் நெஞ்சுக்கு. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கும் வயரக்காவின் கணவருக்கு.

மருந்து இல்லாமல் இல்லை. கரையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் இன்ஜினை அணைக்கலாம். அதற்கான கேபிள் வாங்கியாயிற்று. வாங்கி, தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று! ஏன்? சுகாதார அதிகாரியும் சுங்க அதிகாரியும் கப்பலைப் பார்த்து முடித்த பிறகுதான் மின்பணியாளர்களை அழைக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் இணைத்து முடிக்கும்வரை கிரேன் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் தாமதம். தாமதமானால் துறைமுகத்துக்குக் கெட்ட பெயர். ஆகவே யாரும் அழைப்பதில்லை.

என்ன தம்பி? சத்தமாகவே சொல்லுங்கள். “கப்பல் வேற துறைமுகத்துக்குப் போயிட்டா, உங்க பேச்சையா சார் சோறுன்னு போட்டுச் சாப்பிடுறது?” நியாயமான கேள்வி. சுமை தூக்கும் தோள் கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

போன மாதம் ஒரு நாள். காற்று பேயாய் அடிக்கிறது. கரைக்கு வந்த கப்பல் திமிறுகிறது. கட்டிய கயிறுகள் முறுக்கேறி முனகுகின்றன. அறுந்தால் அங்கே நிற்பவர்களின் கால் போகும். வயரக்கா வாக்கிடாக்கியில் கத்துகிறார்: “இன்னொரு வயர் போடுங்க! சீக்கிரம்!”

அவர் சொன்ன வயர், கப்பலைக் கட்டும் இரும்புக் கயிறு. அதே அலைவரிசையில் சும்மா உட்கார்ந்திருந்த மின்பணியாளர்களின் காதில் விழுந்த வயர், மின்சார வயர்!

“டேய், நம்மளையும் ஒரு ஆளா மதிச்சுக் கூப்பிட்டுட்டாங்கடா!” என்று அவர்களின் மூத்தவர் எழுந்தார். தார்ப்பாய் பறந்தது. கேபிள் வந்தது. இரும்புக் கயிற்றையும் வேறு ஆட்கள் போட்டுவிட்டார்கள். முறையாக அழைத்துத்தான் மின்பணியாளர்கள் வந்திருக்கிறார்கள் என்று நம்பிக் கப்பல்காரர்களும் கேபிளை இணைத்துக்கொண்டார்கள். அதிகாரிகள் சோதனை முடித்து இறங்கியபோது கப்பலின் இன்ஜின் அணைந்திருந்தது. கிரேன் ஒரு நொடியும் காத்திருக்கவில்லை. கப்பல் குறித்த நேரத்தில் புறப்பட்டது. தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். எப்படியும் வீணாகும் அந்தச் சோதனை நேரத்திலேயே வேலையை முடிக்கலாம். சோறும் போகாது, மூச்சும் போகாது!

பொறுங்கள், மறுபக்கமும் சொல்ல வேண்டும். அன்று மின்கேபிள் கிடந்த வழியில் கயிறு கட்டுகிறவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். செயலாளர் கோபப்பட்டதில் தப்பில்லை. கோபத்தோடு அவர் நிறுத்திக்கொண்டதுதான் தப்பு. கேபிளுக்குத் தனி வழி போடுங்கள், கயிற்றுக்காரர்கள் விலகியதும் மின்பணியாளர்களை விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. வயரக்காவை இடைநீக்கம் செய்தார், கேபிளை மறுபடி மூடச் சொன்னார்.

விசாரணையில் வயரக்காவுக்கு ஒரு வழி காட்டினார்கள். “அது தவறு, இனி நடக்காது” என்று சொன்னால் போதும், மறுநாளே வேலை. வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். முந்தாநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் சுவரில் சாய்ந்தபடி, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: “சொல்லிட்டு வேலைக்குப் போயேன்மா. எனக்கென்ன, பழகிடுச்சு.”

“உங்களுக்குப் பழகிடுச்சு. கேட்டுக்கிட்டே படுத்திருக்கிற எனக்குப் பழகலையே!” என்றார் அக்கா.

நேற்று விசாரணை அறையில் அவர் சொன்னதை, அங்கே இருந்த தொழிற்சங்கப் பிரதிநிதி எனக்கு வரிக்கு வரி சொன்னார்: “தவறுதான் சார். நான் சொன்னது ஒண்ணு, அவங்க கேட்டது ஒண்ணு. ஆனா இனி நடக்காதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன். நடக்கணும் சார். அடுத்த தடவை தெரிஞ்சே நடக்கணும்.”

தெரிஞ்சே நடக்கணும்! தோழர்களே, தாய்மார்களே, வேகம் வேண்டுமா, மூச்சு வேண்டுமா என்று இனி யாராவது கேட்டால், இரண்டும் ஒரே கரையில் ஒரே பகலில் நடந்ததை நாங்கள் பார்த்தோம் என்று சொல்லுங்கள். தவறாக நடந்ததைச் சரியாக நடத்தத் துணிவிருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள்!

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கும், இடையில் கேட்ட தம்பிக்கும் நன்றி. தீர்ப்பு இன்னும் வரவில்லை. புதன்கிழமை காலை துறைமுக வாசலில் அறிவிப்பார்கள் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அன்று காலையே அடுத்த கப்பலும் வருகிறது. கேபிள் இப்போது தார்ப்பாய்க்கு அடியில்தான் இருக்கிறது.

புதன்கிழமை வாசலில் சந்திப்போம். வணக்கம்.